அடுத்த வீட்டுச் சுவர்

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் மரியாதை தெரிந்த ஆள் யார் என்று கேட்டால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, ஆனாலும் உண்மை அதுதான். பால்காரரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ, எதிரே வருகிறவர் வாய் திறக்கும் முன் நான் ஸலாமோ வணக்கமோ சொல்லிவிடுவேன். தண்ணீரை உட்கார்ந்துதான் குடிப்பேன், அதுவும் மூன்று மிடறாக. பாதையில் கல் கிடந்தால் எடுத்து ஓரமாகப் போடுவேன். சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் பழகியது இதெல்லாம். நற்குணம் என்பது இவ்வளவுதான் என்று அறுபது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பிழைப்புக்குக் குழாய்க்கடை. திராட்சைத் தோட்டக்காரர்களுக்குச் சொட்டுநீர்க் குழாய், மோட்டார் சாமான், எல்போ, வால்வு எல்லாம் என்னிடம்தான் வாங்குவார்கள். தண்ணீரை எந்தப் பக்கம் எப்படித் திருப்ப வேண்டும் என்று நாலு ஊருக்கு யோசனை சொல்கிறவன் நான்.

நான்கு வருடங்களுக்கு முன்பு வீட்டுக்கு மாடி எடுத்தேன். மழைத்தண்ணீர் இறங்குவதற்கு வைத்த குழாயின் வாய் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. அந்த வீட்டில் ஒரு தாயும் மகளும் மட்டும்தான். தாய்க்குக் கணவர் இல்லை. என்னை அண்ணே என்று கூப்பிடுவார். மகள் என்னை மாமு என்பாள். கம்பத்தில் ஒரு லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு. யாரிடமும் முகம் பார்த்துப் பேசுகிற பெண்.

அந்த வருடம் ஆனி மாதம் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. அவர்கள் அடுப்படிச் சுவர் ஊறிப் பூச்சு உதிர ஆரம்பித்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து நாலு பேரோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வந்தாள்.

"மாமு, ஒங்க மாடித் தண்ணி பூரா எங்க சுவத்துலதான் விழுது. அந்தக் குழாயக் கொஞ்சம் திருப்பி விடுங்க."

குரலை உயர்த்தவில்லை. ஒரு வார்த்தை கூடுதலாகவும் சொல்லவில்லை. செய்துவிடலாம் என்று சிரித்தேன். உள்ளே கொதித்தது. நாலு பேர் முன்னால், ஒரு பொட்டப்பிள்ளை, குழாய்க்கடைக்காரனைப் பார்த்துக் குழாயைத் திருப்பச் சொல்வதா? நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினேன். பிறகு இவள் சொல்லி நான் செய்வதா என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குச் சின்னமனூரில் ஓர் இடம் கூடி வந்தது. பெண் பார்த்துப் பிடித்துவிட்டாலும், பேச்சை முடிக்கும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்களில் வழக்கம். மாப்பிள்ளையின் தகப்பனார் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் என்னைப் பிடித்தார்.

"ஒங்க வாயில பொய் வராதுன்னு எல்லாரும் சொன்னாக. அந்தப் பிள்ள எப்படி?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. தாயைக் கண்போல் வைத்திருக்கிறாள், தொழுகையை விடமாட்டாள், உழைத்துச் சாப்பிடுகிறாள். அவ்வளவுகூட வேண்டாம், தங்கமான பிள்ளை என்ற இரண்டு வார்த்தை போதும். நான் தரையைப் பார்த்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"அடுத்த வீட்டுப் பொண்ணப் பத்தி நம்ம பேசுறது நல்லா இருக்காது. அல்லா எல்லாருக்கும் லேசாக்கட்டும்."

இதில் பொய் உண்டா? இல்லை. புறம் பேசினேனா? அதுவும் இல்லை. கேட்டால் துஆ, நல்ல பிரார்த்தனை என்றுகூடச் சொல்லலாம். அந்த மனிதர் புரிந்தது என்பதுபோல் தலையாட்டினார், போய்விட்டார். அந்த இடம் அத்தோடு நின்றது. விசாரித்ததில் ஒத்துவரவில்லையாம் என்ற பேச்சு மட்டும் ஊருக்குள் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு இடமும் அந்தப் பேச்சைக் கேட்டே பின்வாங்கின. படியில் பேசிய அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதிப் பிரயோசனமில்லை.

இந்த வருடம் எனக்கு ஹஜ் நாட்டம் கைகூடியது. போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ ஏதும் தவறு செய்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்பது வாசகம். மூன்றாவது தெருவுக்குப் போவதற்குள் பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்கிற மாதிரி அது தானாக வர ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னேன். அந்தத் தாய் கண் கலங்கிவிட்டார்.

"ஒங்கள நாங்க என்னண்ணே மன்னிக்க? அங்கன போயி இவளுக்கு ஒரு நல்ல எடம் அமையணும்னு கேளுங்க. ஒங்க துஆவுக்குத்தான் பலன் இருக்கும்."

மகள் அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. கையில் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அடியானுக்கு, அதாவது சக மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும் என்று பள்ளிவாசலில் எத்தனை பயானில் கேட்டிருப்பேன், எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்தத் தாயிடம் மன்னிப்பு வாங்கி வந்திருக்கிறேன். இது திருட்டு. இந்தத் திருட்டையும் ஹஜ்ஜில் உடுத்துகிற இஹ்ராம் துணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போவதா என்று இரண்டு நாள் வெந்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள், அவள் வேலை முடிந்து வரும்போது வாசலில் நிறுத்திச் சொன்னேன். பள்ளிவாசல் படியில் பேசியது, ஏன் அப்படிப் பேசினேன் என்பது, பிறகு சந்தோஷப்பட்டது, ஒன்றையும் விடவில்லை. தோளில் பையோடு நின்று கடைசிவரை கேட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிறாதீக. இந்தத் தெருவுல அவக நம்புறது ஒங்க ஒருத்தரத்தான்."

மன்னித்துவிடும்மா என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தாள்.

"அந்தக் குழாய இன்னும் திருப்பலையே மாமு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடையில் குழாயைத் திருப்புகிற எல்போ சாக்குச் சாக்காகக் கிடக்கிறது. ஒன்றை எடுத்துவந்து, ஆளைக் கூப்பிடாமல் நானே ஏணியில் ஏறி, குழாயைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பினேன். அரை மணி நேர வேலை. நான்கு வருடமாக என்னிடம் இல்லாத அரை மணி நேரம்.

மக்காவில் கஃபாவைக் கண்டதும், என் பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு முன்னால் அவளுக்காகத்தான் கேட்டேன். எனக்கென்று மன்னிப்புக் கேட்க வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டியவள் உத்தமபாளையத்தில் இருந்தாள்.

திரும்பி வந்து வீடு வீடாக, அங்கிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தேன். இப்போது தெருவே என்னை ஹாஜியார் என்கிறது. அந்தத் தாயும் அப்படித்தான் கூப்பிட்டார், என் கையைத் தன் மகளுக்காக துஆ கேட்ட கை என்று சொன்னார். அவளுக்கு முப்பத்தொரு வயது ஆகிறது. பழத்தை வலது கையால் வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டுக்கொண்டாள்.

"சுவரு காஞ்சிருச்சு மாமு," என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.