கட்டிலைக் குழப்பிய காலை

விருந்தாளியாகத் தங்கிய அறையில், காலையில் எழுந்ததும் கட்டிலை ஒழுங்குபடுத்த வேண்டுமா, குழம்பியபடியே விட்டுவிட்டுப் போக வேண்டுமா? எக்குவடோரிலிருந்து திரும்பி வந்து மாதங்கள் ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை.

இத்தாலியின் பலெர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானியை சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகன் தென்னமெரிக்காவில், எக்குவடோரில் மணம் முடித்து அங்கேயே இருக்கிறார். அவரைப் பார்க்கத் தனியாக விமானம் ஏறச் சின்யோராவுக்குப் பயம். அதனால் என்னையும் என் கணவரையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரே ஒரு நிபந்தனை: அங்கே நான் எந்த வேலையையும் தொடக்கூடாது, நாங்கள் அவருடைய விருந்தாளிகள். நான் தலையாட்டினேன். காய்ச்சல் மருந்து, வெப்பமானி, மகளின் கம்பளிக் காலுறைகள் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பெட்டியில் வைத்தேன். விருந்தாளியாக இருப்பது எப்படி என்று மட்டும் யோசிக்கவில்லை.

மகன் எங்களை மலைநாட்டுச் சந்தை ஊர்களுக்குக் காரில் அழைத்துப் போனார். தங்கியது பழைய பண்ணை வீடு ஒன்றில். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நீண்ட பாதை, ஆளின் கை நீளத்துக்குத் தடித்த வெள்ளைச் சுவர்கள், முற்றத்தில் எங்களை ஏளனமாகப் பார்க்கும் இரண்டு லாமா மிருகங்கள். உயரமான இடம் என்பதால் மகளுக்கு மூச்சு வாங்குகிறதா என்று படிக்குப் படி கவனித்தேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான். மாலையில் யாரோ வந்து அறையின் கணப்பில் விறகை மூட்டி, போர்வைக்குள் சுடுதண்ணீர்ப் பை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் தொட்ட மகள், கட்டிலுக்குள் பூனை படுத்திருக்கிறது என்று அறிவித்து அதைக் கட்டிப்பிடித்துத் தூங்கினாள்.

காலையில் என் கை சும்மா இருக்கவில்லை. விரிப்பை இழுத்து, மூலைகளைச் சின்யோரா வீட்டில் செய்வதுபோல கடித உறைபோல மடித்துச் சொருகினேன். குளியலறையைத் துடைத்தேன். கணப்பில் கிடந்த சாம்பலையும் வழித்து ஒரு பையில் கட்டினேன். கணவர் பலெர்மோவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர். அவர் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அறை, நாங்கள் வந்தபோது இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது. பெருமையோடு கதவைச் சாத்தினோம்.

அடுத்த நாள் காலை, அறை துப்புரவாக்கும் பெண் வாளியோடு வாசலில் நின்றாள். இருபது வயது சொல்லலாம், நீண்ட பின்னலில் நிற நூல் சுற்றியிருந்தாள். சின்யோரா என்பதற்கு அங்கும் ஏறத்தாழ அதே சொல்தான். அவள் அப்படி அழைத்ததும் எங்கள் சின்யோரா வருகிறாராக்கும் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. அழைத்தது என்னை. அவளுடைய ஸ்பானியமும் என்னுடைய இத்தாலியனும் பாதிப் பாதி பொருந்தின.

"நான் சரியாகச் செய்யவில்லையா?" என்று கேட்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து சில நாட்கள்தானாம். அந்தப் பண்ணை வீட்டில் மேற்பார்வை செய்யும் அம்மா எங்கள் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, விருந்தாளியே துடைக்கிற அளவுக்கு என்ன அழுக்கை விட்டு வைத்தாய் என்று கேட்டிருக்கிறார். அவளை வைத்துக்கொள்வதா இல்லையா என்று அந்த வாரக் கடைசியில் சொல்வார்களாம். வேறொரு வீட்டு வேலைக்காரியின் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனோ?

அவள் போனதும் கணவரிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, நாளைக்கு எல்லாத்தையும் குழப்பிப்போட்டுத்தான் வெளிக்கிட வேணும்."

"நீர் குழப்புவீரோ? உம்மட கை தானா மடிச்சுப் போடும். பிள்ளையிட்டைக் குடும் அந்த வேலையை."

அடுத்த காலை, குதிக்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்து நான் சொல்லி வந்த கட்டிலில் மகளை ஏற்றி, குதி என்றேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு நிறுத்தவில்லை. "அங்கோரா, அங்கோரா" என்று இன்னும் இன்னும் கேட்டுக் குதித்தாள். தலையணைகள் பறந்தன. விரிப்பு நிலத்துக்கு வந்தது. வெளியே போகும்போது ஒரு தலையணை மட்டும் கோணலாகத் தொங்கியது. அதை நேராக்கப் போன என் கையைக் கணவர் பிடித்து இழுத்தார்.

அப்போது அந்தப் பெண் வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். சுவரோரம் வரிசையாக நின்ற எங்கள் சப்பாத்துகளையும் மூன்றாக மடித்திருந்த துவாய்களையும் பார்த்தாள். ஒரு துவாயை எடுத்து உதறி, குளியலறைத் தரையில் எறிந்தாள். "இப்படி," என்றாள். மற்றத் துவாயை என்னிடம் நீட்டினாள். நானும் எறிந்தேன். அது பாதி மடிந்தபடியே போய் விழுந்தது. நடையில் மேற்பார்வை அம்மாவின் காலடி கேட்டதும் அவள் இடுப்பில் கை வைத்து, என்ன மனிதர்கள் இவர்கள் என்பதுபோல உரக்கப் பெருமூச்சு விட்டாள்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனோம். பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் தக்காளி விற்பவர் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். இங்கே பொன்னிற மணிமாலை அணிந்த பெண்கள் மலைபோலக் கம்பளிப் போர்வைகளைக் குவித்து வைத்துக்கொண்டு காதோடு காதாகப் பேரம் பேசினார்கள். அவர்கள் நடுவே, பூவேலை செய்த வெள்ளைச் சட்டையில், அறை துப்புரவாக்கும் பெண் தன் தாயோடு சோளம் விற்றுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் பக்கத்துக் கடைக்காரிகளைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, காற்றிலே விரிப்பை நீவி மூலையைச் சொருகிக் காட்டினாள். அந்த வரிசையே சிரித்தது. கணவர் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். திங்கட்கிழமையும் வரச் சொல்லிவிட்டார்கள் என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மகளின் கையில் வறுத்த சோளம் கொடுத்தாள். துணியில் சிந்திய மணிகளை நான் பொறுக்கக் குனிந்தேன். அவள் என் புறங்கையில் மெல்ல ஓர் அடி போட்டாள்.

இருந்தும் மனம் விடவில்லை. ஒழுங்குபடுத்தியபோது அவளுடைய வேலையைப் பறித்தேன். குழப்பியபோது அவளுடைய இடுப்பை முறித்தேன். இதில் எது மரியாதை?

இப்போது சின்யோரா, ஆகஸ்டில் மலையிலுள்ள தன் கோடை வீட்டுக்கு எங்களை விருந்தாளிகளாக வரச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக் கட்டில்களுக்கு வருடா வருடம் விரிப்புப் போடுகிறவள் நான். இந்த முறை அந்த வேலைக்குப் பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியிலிருந்து புதிதாக ஒரு பெண் வருகிறாளாம். மகள் இப்போதே பயிற்சியைத் தொடங்கிவிட்டாள்; எங்கள் வீட்டுக் கட்டிலின் ஒரு சட்டம் உடைந்துவிட்டது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: அந்த வீட்டில் முதல் நாள் காலை எழுந்ததும் நான் விரிப்பை என்ன செய்ய?