மாமா வாங்கிவந்த பேஸ் கிட்டார்

கம்பெனியில் செய்த பேஸ் கிட்டாருக்கு அந்த விலை தகுமா, தகாதா? இந்த ஒரு கேள்வியால் என் அப்பாவும் தாய்மாமாவும் ஏழு வருடம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். முழுவதையும் சொல்லத் தொடங்கினால் எனக்கே அலுப்பாகிவிடும்.

அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு வருடத்தில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பினால்தான் அவரும் திரும்புவார். சேலத்தின் மேற்கு ஓரத்தில், பங்குக் கோயிலுக்குப் பின் தெருவில் எங்கள் வீடு. வந்ததும் இரண்டு நாள் தூங்குவார். மூன்றாம் நாள் குளித்துவிட்டு, பரண்மேலிருந்து பேஸ் கிட்டாரை இறக்கித் துடைத்துக்கொண்டு கோயில் பாடகர் குழுவுக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். ரிக் வண்டிக் களைப்பு என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

அந்த பேஸ் கிட்டாரைச் செய்தவர் எங்கள் தெருமுனையில் சவப்பெட்டி செய்யும் அண்ணன். பெட்டிக்கென்று வாங்கிய பலாப்பலகையில் மிச்சம் விழுந்ததை அறுத்து, யாரோ உடைத்துப் போட்ட கிட்டாரிலிருந்து காந்தத்தையும் திருகுகளையும் கழற்றிப் பொருத்திக் கொடுத்திருந்தார். கிட்டார் என்பதைவிடக் கதவு என்றால் பொருத்தமாக இருக்கும். அப்பாவின் நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை மறைக்கும். பாடகர் குழுப் பெண்கள் அதற்கு வைத்திருந்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாலு தடித்த கம்பி, பாட்டுக்கு அடியில் தும் தும்மென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பூசைக்கு வந்தவர்கள் அதைக் கவனித்ததில்லை. அது நின்றால்தான் ஏதோ குறைகிறதே என்று நிமிர்வார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். அவரை இன்ஜினியரிங் படிக்கவைத்தது அப்பாவின் ரிக் வண்டிச் சம்பளம். பெங்களூரில் வேலை கிடைத்து, பெண்ணும் பார்த்து, எங்கள் கோயிலிலேயே கல்யாணம் என்று நிச்சயமானது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாமா வந்து இறங்கியபோது அவர் தோளில் ஒரு நீளமான கறுப்புப் பை தொங்கியது.

உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு பேஸ் கிட்டார். மிட்டாய்போல மின்னியது. இரண்டு பவுன் விலை என்று அம்மா என் காதில் சொன்னாள். எதையும் பவுன் கணக்கில் சொன்னால்தான் அவளுக்குப் புரியும்.

“கம்பெனிப் பொருளுங்க மச்சான். எல்லாம் மெஷின்ல அறுத்தது. ஒரு தடவை சுருதி சேத்துனா மாசக்கணக்கா அப்படியே நிக்கும். எங்கல்யாணப் பூசைக்கு நீங்க இதுலதான் வாசிக்கோணும்” என்றார் மாமா. வெகுநாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியம் என்பது குரலிலேயே தெரிந்தது.

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமாவின் தோளைத் தட்டினார். அன்று மாலை கோயில் மாடியில் நடந்த பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு போனார். மாமாவும் நானும் கூடவே போனோம்.

பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அப்பா ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். கீபோர்டு வாசித்த டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா கம்பியைத் தட்டிப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் சொருகினார், கிட்டாரின் உடம்பை நெஞ்சோடு அழுத்திப் பார்த்தார். பிறகு கழற்றி நாற்காலியில் சாய்த்துவைத்தார்.

“இதுக்கு இந்த வெலை ஆவாதுங்க மாப்ள. உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்ல.”

மாமா சிரிக்கப் பார்த்தார். எல்லோரும் இருந்தார்கள். சவப்பெட்டி அண்ணனும் இருந்தார், அவர்தான் தபேலா. அவர் சிவப்புக் கிட்டாரை எடுத்து, பலகையின் நேர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்து நெடுகப் பார்த்தார்.

“பொய் சொல்லக்கூடாதுங்கண்ணா. நூல் புடிச்சாப்பல நிக்குது. இந்த நேரு என் கைக்கு வராது. கேக்கற வெலைய குடுக்கலாம். நான் செஞ்சது வெறும் கட்டைங்க. அன்னைக்கு உங்களுக்கு வேற கெடைக்கல, அவ்வளவுதான்.”

செய்தவரே இப்படிச் சொன்ன பிறகும் அப்பா கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பழையதையே வாசிப்பதாகச் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நாட்களில் வீட்டில் இதே பேச்சுதான். மாமா பொறுமையாக விளக்குவார். கழுத்து வளையாது, கம்பி கையை அறுக்காது, எடை பாதிகூட இல்லை. அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பார். கடைசியில் தலையை ஆட்டி, ஆவாதுங்க என்பார். அம்மா நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தாள். “உங்களுக்குன்னு ஆசையா வாங்கியாந்திருக்கறான். ஒரு நாளைக்கு வாசிச்சா கொறைஞ்சா போயிருவீங்க?” என்று ஒரு தடவை கேட்டேவிட்டாள். அப்பா தலை நிமிராமல் பழைய கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாமா அந்தச் சிவப்புக் கிட்டாரைத் துணியால் துடைத்துப் பைக்குள் வைத்து மெதுவாக மூடுவதைப் பார்த்தேன். வெளியே பந்தல்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மாமா பையின்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா மேல் உயிர். அதோடு, பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் எங்கப்பா பெங்களூர் கிட்டார் வாசிக்கப்போகிறார் என்று சொல்லியும் வைத்திருந்தேன். கல்யாண வீடியோவில் அந்தக் கதவைப் போட்டுக்கொண்டு அவர் நிற்பதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

எல்லோரும் வாழைமரம் கட்டும் மும்முரத்தில் இருந்தபோது பழைய கிட்டாரைப் போர்வையில் சுற்றினேன். கனம் தாங்காமல் இரண்டு இடத்தில் இறக்கிவைத்து, தெருமுனை வரை தூக்கிப் போனேன். சவப்பெட்டி அண்ணன் எங்கள் வீட்டுப் பந்தலில்தான் இருந்தார். அவருடைய கொட்டகையில் செய்து முடித்த பெட்டிகள் வரிசையாக நின்றன. கடைசியில் தரையில் கிடந்த ஒன்றின் மூடியை நகர்த்தி, கிட்டாரை உள்ளே கிடத்தி மூடினேன். சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை. அந்த இடத்தில் கை தானாகப் போட்டது.

மறுநாள் காலையில் வீடே கிட்டாரைத் தேடியது. பரண், கட்டிலடி, சமையல் பந்தல், எங்கும் இல்லை. பத்து மணிக்குப் பூசை. கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்த மாமா, “கெடைக்கலீன்னா உடுங்க மச்சான். அதான் புதுசு இருக்குதில்லீங்க?” என்று சொல்லிச் சிரித்தார். கல்யாண மாப்பிள்ளையின் சிரிப்புதான் அது. ஆனால் அப்பா அந்தச் சிரிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கோயிலில் ஒலியைக் குறைத்து வைக்கச் சொல்லி ஃபாதர் உத்தரவு. வருகைப் பாடல் நன்றாகவே போனது. அப்பா கண்ணை எடுக்காமல் டீச்சரின் விரல்களையே பார்த்து வாசித்தார். சிவப்புக் கிட்டார் வெளிச்சத்தில் மின்னியது. வீடியோக்காரர் இரண்டு தடவை அந்தப் பக்கம் திரும்பினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

காணிக்கைப் பாடலில் டீச்சர் சுருதியை மாற்றி மேலே போனார். அப்பா கீழேயே நின்றார். இரண்டும் உரசிக் கரகரவென்று ஒரு சத்தம். பெண்வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் தலையை ஆட்டிச் சைகை செய்தார். அப்பா பதறித் தாவினார், தாளம் தப்பியது. மறுபடியும் பிடித்தார், மறுபடியும் தப்பியது. பீடத்தின் முன்னால் முழங்காலில் இருந்த மாமாவின் முதுகு விறைத்தது எனக்குத் தெரிந்தது. நற்கருணைப் பாடல் பாதியில் அப்பா உள்ளங்கையால் கம்பிகளை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். மீதிப் பூசை முழுக்க அப்படியே நின்றார்.

வெளியே பேண்டு வாத்தியம் முழங்கியது. மாலையும் கழுத்துமாக மாமா நேராக அப்பாவிடம் வந்தார். பெண்வீட்டுப் பெரியவர்கள் சுற்றி இருந்தார்கள்.

“ஏனுங்க மச்சான், பாதியிலயே நிறுத்திப்போட்டீங்க?”

அப்பா முகம் மலர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருந்துச்சுங்க மாப்ள. ரொம்ப நல்லா இருந்துச்சு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா கையை உருவிக்கொண்டார். அவர் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தன் கல்யாணத்தில், புது உறவுக்காரர்கள் முன்னால், தான் வாங்கிக் கொடுத்த பொருளைக் கேவலப்படுத்தியதோடு நில்லாமல் கிண்டலும் செய்கிறார் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

அடுத்த நாள் சவப்பெட்டி அண்ணன் மூச்சிரைக்க வந்தார். ஒரு துக்க வீட்டுக்காரர்கள் பெட்டி பார்க்க வந்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து காட்டினால் உள்ளே கிட்டார் படுத்திருக்கிறது. அவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அண்ணன் பாதி மயங்கிவிட்டாராம். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. கிட்டாரை வாங்கித் துடைத்துச் சுவரோரம் வைத்தார்.

“நேருல சொன்னா நான் கேக்கலீன்னு ஒளிச்சு வெச்சிருக்கறாரு மாப்ள. இனி அவருகிட்ட எனக்கு என்ன பேச்சு?”

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் மாமா, அத்தையோடும் கறுப்புப் பையோடும் பெங்களூர் பஸ் ஏறியிருந்தார். அந்தக் கிட்டாரை வந்த விலைக்கு விற்றுவிட்டதாகப் பின்னால் தெரிந்தது. அதன்பின் மாமா ஊருக்கு வந்தால் அம்மாவைக் கோயில் வாசலில் பார்த்துவிட்டுப் போவார். வீட்டுக்கு வரமாட்டார்.

நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போதுதான் அப்பாவைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ரிக் வண்டியில் ஒரு சின்ன விபத்து. பின்னால் வந்த லாரியின் ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு காதும் பத்துப் பதினைந்து வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன என்றார் டாக்டர். கம்ப்ரசர் சத்தம். இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். காது கேட்காதவனை யாரும் டிரில்லராக வைத்துக்கொள்ளமாட்டார்கள். பாறை மாறுவதைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வெளியே தெரிந்தால் சமையல் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் அம்மாவிடம்கூட மூச்சுவிடவில்லை.

மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினேன்: மாமாவோட கிட்டார்?

அவர் சீட்டை வாங்கிப் படித்தார்.

“பழசு நெஞ்சுல அடிக்கும் சாமி. அது அடிக்கல.”

அன்றே மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த நாள் காலையில் மாமா வீட்டு வாசலில் நின்றார். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். மாமா அப்பாவின் வலது காதருகில் குனிந்து கத்துவார். அப்பா சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்வார். மாமா ஆமாங்க மச்சான் என்பார். அந்தக் கிட்டார் நல்ல கிட்டார்தான், கொடுத்த விலைக்குத் தகும். என்னைக் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் யாரும் என்னைக் கேட்பதில்லை. ஒளித்துவைத்தது மாமாதான் என்றே அப்பா இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பெருந்தன்மையாக அதை மன்னித்தும்விட்டார். அப்படி ஒரு பழி தன்மேல் இருந்தது மாமாவுக்குத் தெரியாது. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் காட்டினால் போதும். எழுதவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்த வயதான முகம் அதைப் படிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் நான் சொல்லாமல் இல்லை. கல்யாணம் முடிந்து மூன்று வாரத்தில் அப்பா வேலைக்குக் கிளம்பினார். சேலம் பஸ் நிலையத்தில் திருச்செங்கோடு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, தலையைக் குனிந்து, என் செருப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். “கிட்டார நாந்தான் பெட்டிக்குள்ள வெச்சேன். மாமா வெக்கலீங்கப்பா. மாமாகிட்டப் பேசுங்கப்பா.” சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அப்பாவின் கை வந்து என் தலையில் படிந்தது.

“செரி சாமி, செரி. அழுவக்கூடாது. அப்பன் வெரசா வந்தர்றேன்.”

பஸ் போனது. மனசு பஞ்சாக இருந்தது. இவ்வளவு பெரிய தப்பை ஒரு வார்த்தை திட்டாமல் மன்னித்துவிட்டாரே! மாமா ஒளிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் அப்பா ஏன் அவரோடு பேசவில்லை என்ற குழப்பம் அடுத்து வந்த வருடங்களில் எனக்கு இருந்தது. அதற்கும் நானே ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மாமாவைவிட என்மேல்தான் அப்பாவுக்குப் பாசம் அதிகம். அப்பா மன்னித்துவிட்ட பெருமையோடுதான் அன்று, அம்மா வாங்கித் தந்த தட்டுவடை செட்டைத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.