அம்மாவும் என் சீருடையும்

ஆகஸ்ட் வெயிலில் பலகைகளின் மேல் பரப்பிய தக்காளிக் கூழ் காய்ந்து இறுகும்போது எழும் புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனைதான் இந்த நாட்டைப் பற்றிய என் முதல் நினைவு. மன்னாரிலிருந்து அம்மாவும் நானும் வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. பலேர்மோ நகருக்கு மேலே, மலைச்சரிவில் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து நடத்திய கூட்டுப் பண்ணையில், பாதிரியார் ஒருவரின் சிபாரிசால் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. அங்கே நிலம் பொது, அடுப்பு பொது, மழைக்காலச் சப்பாத்துகள்கூட அளவுப்படி அடுக்கிய பொதுச் சப்பாத்துகள். யார் கோழிக்கூடு கழுவுவது, யார் பாத்திரம் விளக்குவது என்று சுவரில் ஒட்டிய "துர்னோ" தாளில் பெரியவர்களின் பெயர்களுக்கு நடுவே என் பெயரும் இருந்தது எனக்குப் பெரிய பெருமை. "நாலு பேரோடை இருந்து குடிச்சால் கஞ்சியும் விருந்துதான்" என்பாள் அம்மா.

அம்மா அஞ்சியது சீருடைக்கு மட்டுமே. ஊரில் ஒரு காலையில் சீருடைக்காரர்கள் விசாரணைக்கென்று கூட்டிப்போன அப்பா திரும்பி வரவேயில்லை. எனக்குப் பதினாறு வயதானபோது பெருமழையில் சரிவு இடிந்து பண்ணைக்குள் சேறு புகுந்தது. உதவிக்கு ராணுவ வண்டிகள் ஏறி வந்ததும் அம்மா அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். நானோ, தொடையளவு சேற்றில் இறங்கி எங்கள் கோழிகளை இரண்டிரண்டாய் அணைத்துத் தூக்கிவந்த ஒரு பெண் சிப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அம்மாவுக்கு நகரத்தில் "சிஞ்ஞோரா" என்று எல்லோரும் அழைத்த ஓர் அம்மையார் வீட்டில் வேலை கிடைக்க, போர்கோ வெக்கியோ என்ற பகுதிக்குக் குடிவந்தோம். குடியுரிமை கிடைத்த மறு வருடம், அவளிடம் சொல்லாமலே ஓராண்டுப் படைச்சேவைக்கு விண்ணப்பித்தேன். அழைப்புக் கடிதத்தைக் காட்டியபோது அவள் சத்தம் போடவில்லை.

"உன்ரை அப்பாவைக் கொண்டுபோனவங்களும் உந்த உடுப்புத்தான் போட்டவங்கள்."

"இது வேறை நாடு, அம்மா."

"உடுப்பு ஒண்டுதான். அதோடை என்ரை வாசலுக்கு வந்திடாதை."

பயிற்சி முடிந்ததும் ராணுவத்தின் நகரக் காவலுக்கு என்னை நிறுத்திய தெருமுனை, கெட்ட காலமோ நல்ல காலமோ, அம்மா வேலைக்குப் போகும் வழியில் இருந்தது. முதல் நாள் என்னைக் கண்டவள் தெருவைக் கடந்து மறுபக்க நடைபாதையில் போனாள். மறுநாளும் அப்படியே, அந்த வசந்தம் முழுவதும் அப்படியே. துப்பாக்கியைப் பிடித்தபடி அசையாமல் நின்ற எனக்கு, அவள் முதுகு கூட்டத்தில் மறையும்வரை பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஜூலையில், ஆப்பிரிக்காவிலிருந்து "ஷிரோக்கோ" காற்று நெருப்பாய் வீசிய ஒரு காலையில், அவள் தெருவைக் கடக்கவில்லை. நேரே வந்து என் முன்னால் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"கால் நோகேல்லையோ?"

"நோகுது, அம்மா."

"எத்தினை மணிக்கு விடுவினம்?"

"ரெண்டுக்கு."

"சமைச்சு வைக்கிறன். உடுப்பை மாத்திப்போட்டு வா."

அவள் போன பிறகு, என்னோடு காவல் நின்ற சிப்பாய்ப் பையன் ஏன் அழுகிறாய் என்று கேட்டான். வெயில் என்றேன்.

இப்போது நான் மருத்துவமனையில் தாதி. பண்ணையின் ஒன்பது குடும்பங்களும் சிதறிவிட்டன. நிலத்தை விற்றாயிற்று, அங்கே எழுந்த விடுதியின் நீச்சல் குளத்தில் கோடையில் சுற்றுலாப் பயணிகள் நீந்துகிறார்கள். அந்தத் தெருமுனையிலும் இன்று காவல் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், அம்மா என் படிப்பைச் சொல்லி, வேலையைச் சொல்லி, இடையிலிருந்த அந்த ஒரு வருடத்துக்கு வரும்போது மட்டும் சற்றுத் தயங்குகிறாள். பிறகு தலையை நிமிர்த்திச் சொல்கிறாள்: "ஓம், ஒரு வருஷம் அரசாங்க உத்தியோகமும் பாத்தவள்."