சாமியறைக்கு மேலே

கையால் கீறிய வீட்டுப் படத்தைக் கணினியில் எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்க்கக்கூடிய முப்பரிமாண வீடாக்கித் தருவது என் தொழில். தாளில் மறைந்திருக்கும் பிழைகளை வாடிக்கையாளரின் முன்னால் சுழற்றிக் காட்டுவதும் அதில் அடக்கம். சொந்த வேலையைப் பார்த்துத் தாங்களே கூசிப்போனவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இந்த வேதனை விளங்காது.

போக வழியில்லாத மாடி

கிங்ஸ்பரியில் சிவநேசன் அண்ணை தன் வீட்டைப் பெருப்பிக்க நினைத்தார். கீழ்வீட்டைக் கலியாணக் கார்ட் உறையொன்றின் முன்பக்கத்திலும் மேல்வீட்டைப் பின்பக்கத்திலும் கீறித் தந்தார். அவர் மனைவி பவானி அக்காவுக்கு வேண்டியது ஒரு சாமியறை மட்டும். அகதியாக வந்த நாளிலிருந்து அவருடைய சாமிப் படங்கள் குசினி அலுமாரியில், காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாடிக்குப் போகப் படியே இல்லை. தயங்கித் தயங்கி அண்ணையிடம் கேட்டேன்.

"அதை நீர் பாத்து எங்கையாவது போடும். அதுக்குத்தானே உம்மைக் கூப்பிட்டது."

நெற்றியில் திருநீறு

கோயிலுக்குப் போய்விட்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் கணினியில் கட்டிய வீடு அவர்களுடைய பெரிய டிவியில் ஓடியது. சாமியறையில் ஒரு குத்துவிளக்கும் வைத்திருந்தேன். அக்காவின் கண் கலங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா மேல்வீட்டையும் காட்டச் சொன்னார், சுழற்றினேன். சாமியறைக்கு நேர் மேலே புது டொய்லெட் இருந்தது.

உறையில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் மறுபக்கம் தெரியாது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி வைத்தவன் நான். அக்கா டிவியை விட்டுவிட்டு என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் சைவம்தானே?"

படிக்குக் கீழே

கழிவுக் குழாய் அந்தப் பக்கத்தால்தான் இறங்கும், டொய்லெட்டை அசைக்க ஏலாது என்று பில்டர் சொல்லிவிட்டார். அதனால் சாமியை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோனேன். செதுக்கிய கதவும் போட்டேன். காட்டும்போது கதவுப் பக்கத்தை மட்டும் ஆறுதலாகக் காட்டிவிட்டு, படிப் பக்கத்தை விறுக்கென்று சுழற்றிக் கடந்தேன். ஆம், தெரிந்துதான் செய்தேன். அக்கா நிற்பாட்டச் சொன்னார்.

"சாமியின்ர தலையில மிதிச்சுக்கொண்டோ நாங்கள் நித்திரைக்குப் போறது?"

மூன்றாம் முறை

இந்த முறை காட்ட என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. சாமியறையை விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவோம் என்றார் அண்ணை. அக்கா என் கையிலிருந்து மௌஸை வாங்கி, வீட்டை மெல்லப் பின்பக்கம் திருப்பினார். குசினியில் நிறுத்தினார்.

குசினி பின்னால் தனியாக நீட்டிக் கட்டியது. அதற்கு மேலே டொய்லெட் இல்லை, படி இல்லை, ஒருவர் காலும் இல்லை, கூரை மட்டும்தான். அதைக் கணினியில் நானே கட்டி, நானே எத்தனையோ தடவை சுழற்றியிருக்கிறேன். ஒருநாளாவது அங்கே நிறுத்திப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவரோ சிரித்துக்கொண்டு மௌஸைத் திருப்பித் தந்தார்.

"சாமி இவ்வளவு காலமும் சரியான இடத்திலதான் இருந்திருக்கிறார். நீங்கள் அந்தச் சீரியல் பெட்டியளுக்கு ஒரு அறை கீறித் தாங்கோ, தம்பி."

எங்கள் தொழிலில் வீட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசியில் தெரிவது அதைக் கீறியவனின் முகம்தான்.