சாமி சேவலுக்குச் சொட்டு மருந்து

சுந்தரபாண்டியத்தில் வெள்ளத்தாயின் கோழிகளைப் பற்றிக் கேட்டால் தெருவே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். ராஜபாளையத்துப் பஞ்சாலையில் வருஷக்கணக்காக ஷிப்டு பார்த்து, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இளைப்பு வந்து வீட்டோடு நின்றவள் அவள். சும்மா உட்கார் என்றால் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அதனால் கோழி வளர்க்கிறாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அரிசியை விசிறிவிட்டு "பா... பா..." என்று கூப்பிடுவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் வளர்த்துப் பார்க்கவேண்டும். விடிந்ததும் கூட்டைத் திறந்து, எது தூங்கி வழிகிறது, எது வெள்ளையாக எச்சம் போடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். குஞ்சு பொரித்துவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் சோறு வடிக்கமுடியும். பருந்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது. பகலில் கீரி, ராத்திரியில் மரநாய். பழம்பானைக்குள் சாணியையும் கிழிந்த சாக்கையும் திணித்து மண்ணில் கவிழ்த்து வைத்து, கரையான் ஏறியதும் குஞ்சுகளுக்கு உதறிவிடுவாள். அடை வைக்கும் கூடையில் முட்டைகளுக்கு நடுவே ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் கிடக்கும். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க அது. காலேஜ் படிக்கிற பெண்கள் கேலி செய்தபோது, "ஆணிக்கு நான் என்ன தீனியா போடுதேன்? அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டாள்.

ஆணியும் கரியும் இடிக்கு ஆகும். போன வருஷம் மாசியில் வந்த வெள்ளைக் கழிச்சலுக்கு ஆகவில்லை. கழுத்து திருகி, இறக்கை தொங்கி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தன. ஒரு வாரத்துக்குள் கூடு காலி. அவள் கணவர் விஜயபாண்டி பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கும் அசராத மனுஷன். கொல்லையில் குழி வெட்டி, தாய்க்கோழியையும் அதன் குஞ்சுகளையும் போட்டு மண்ணைத் தள்ளும்போது அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே சொல்லியும்விட்டார்.

"இன்னொரு தடவ வளக்கணும்னா வள, நான் வேண்டாங்கல. ஆனா திரும்பவும் இப்பிடிச் செத்துச்சுன்னா, இந்த வீட்டுல கோழிங்கிற பேச்சே இருக்கக் கூடாது. என்னால பாக்க முடியல வெள்ளத்தாய்."

வெள்ளத்தாய் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்? வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்த அவள் தங்கை, இரண்டு கோழிகளை வாரத்துக்குக் கொடுத்தாள். வாரம் என்றால், வளர்ப்பு இவளுடையது, பொரிக்கிற குஞ்சில் பாதி தங்கைக்கு. அந்த இரண்டிலிருந்து மறுபடியும் வாசல் நிறையக் கோழி ஆயிற்று. இந்த மாசி பிறந்ததும் பக்கத்து ஊரில் கழிச்சல் என்று சேதி வந்தது. அவள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

கால்நடை மருத்துவர் பிரிஸ்கில்லா பொறுமையாகத்தான் சொன்னார். "கண்ணுல ஒரு சொட்டு விட்டாப் போதும்மா. ஆனா நோய் வந்த பொறகு இது கேக்காது, முந்தியே போடணும். ஒரு குப்பியக் கரைச்சா நூறு கோழிக்குப் போடலாம். கரைச்சுட்டா ஐஸ்லயே வச்சிருந்து, ஒரு மணி நேரத்துக்குள்ள தீத்துரணும். உங்க வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டா எப்பிடி? தெருக்கோழி எல்லாம் ஒண்ணாத்தானே மேயுது? தெருவோட போடுங்க."

தெருவோட! சொல்வது எளிது. மருத்துவர் கொடுத்த குப்பியை ஐஸ் டப்பாவில் வைத்துவிட்டு, வெள்ளத்தாய் வீடு வீடாக ஏறினாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பெத்தம்மாக்கா என்ன சொல்லுதாக?"

கேட்டதில் நியாயம் இருந்தது. பெத்தம்மாளின் மகன் கௌதம்ராஜ் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறி, ஓட்டத் தேர்வுக்குக் காத்திருந்தான். அவன் உடுப்பு மாட்டியதும் கருப்பசாமிக்குக் கொடுப்பதாக அவள் ஒரு சேவலை நேர்ந்து விட்டிருந்தாள். சாமிக்கு விட்ட சேவலை யாரும் அடைக்கமாட்டார்கள், ஒரு சூ சொல்லமாட்டார்கள். அது எல்லா வீட்டுத் தீனியையும் தின்னும், எல்லா வீட்டுத் தண்ணீரிலும் வாய் வைக்கும், நினைத்த வீட்டுக் கூரையில் படுக்கும். செக்கச்செவேல் என்ற அந்தப் பயலுக்கு நடையிலேயே திமிர்.

பெத்தம்மாள் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். "ஏட்டி, சாமிக்குன்னு விட்டது. பழுதில்லாமக் குடுக்கணும். அது மேல மருந்து கிருந்து படப்பிடாது."

அவ்வளவுதான். தெரு அப்படியே திரும்பிக்கொண்டது. சாமி சேவலுக்கு ஆகாத மருந்து நம் கோழிக்கு மட்டும் எதற்கு, ஏதாவது தெய்வக் குற்றம் வந்துவிட்டால் என்று ஆளுக்கு ஆள் பின்வாங்கினார்கள்.

வெள்ளத்தாய்க்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பையன் உடுப்பு மாட்டுவதற்குள் உன் சேவல் கழிச்சலில் விழுந்தால் என்ன செய்வாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பெத்தம்மாள் ஆடிப்போவாள். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வளர்ந்த பிள்ளை காரியத்தில் அப்படி ஒரு சொல்லை வாயால் விடலாமா? முழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குறுக்கே கிடந்த குடத்தைத் திட்டித் தீர்த்தாள்.

திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. உடனே திரும்பிப் போனாள்.

"மதினி, நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். சாமிகிட்டயே உத்தரவு கேட்டுருவோம். தண்ணி ஊத்துவோம். சேவல் துலுக்குச்சுன்னா மருந்து. துலுக்கலன்னா, நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

கோயிலில் கிடாய் ஆனாலும் சேவல் ஆனாலும், அதன் மேல் மஞ்சத்தண்ணீர் ஊற்றி, அது உடம்பை உலுக்கினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். அதைத்தான் துலுக்குவது என்பார்கள். பெத்தம்மாளால் இதற்கு மாட்டேன் என்று சொல்லமுடியவில்லை.

"துலுக்கலன்னா என்ன செய்வ?" என்று விஜயபாண்டி கேட்டார்.

"தண்ணி பட்டா எந்தக் கோழிங்க துலுக்காம நிக்கும்?" என்றாள் வெள்ளத்தாய். அந்தத் தைரியத்தில், மறுநாள் சாயங்காலம் உத்தரவு கேட்பதற்கு முன்னாலேயே குப்பியைக் கரைத்து ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். புத்திசாலி!

தெருப் பெண்கள் எல்லோரும் பெத்தம்மாள் வாசலில் கூடிவிட்டார்கள். இரண்டு மூன்று பேர் கோழிகளைக் கூடையில் போட்டே கொண்டுவந்திருந்தார்கள். பெத்தம்மாள் ஒரு பிடி கம்புத் தானியத்தைக் காட்டிச் சேவலைக் கூப்பிட்டு நிறுத்தி, "கருப்பா, நீதான் சொல்லணும்" என்று சொம்பு மஞ்சத்தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினாள்.

சேவல் நின்றது. அசையவில்லை.

இரண்டாவது சொம்பு. சேவல் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. மாசி வெயிலில் காலையிலிருந்து அலைந்த உடம்பு, குளிர்ந்த தண்ணீர், அதற்கென்ன அவசரம்?

"உத்தரவு இல்ல போலயே" என்றாள் எதிர்வீட்டு முத்தாத்தாள். அவள் வாயில் நல்ல வார்த்தை என்றைக்கு வந்தது? கோழி கொண்டுவந்தவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டார்கள்.

வெள்ளத்தாய்க்கு வீட்டில் அடையில் இருக்கிற கோழியும், அதன் வயிற்றுக்கடியில் இருக்கிற முட்டைகளும் நினைவுக்கு வந்தன. பேச்சென்றால் பேச்சுதான். ஐஸ் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"சரி மதினி. சாமி சொல்லிருச்சு. நான் வாரேன்."

"எங்கட்டி போற? நில்லு" என்றாள் பெத்தம்மாள். "கேட்டதும் குடுக்கதுக்கு அவரு என்ன கடையா வச்சிருக்காரு? செத்த நேரம் யோசிக்கட்டும். முத்தாத்தா, வாயப் பாக்காம ஒரு கொடம் தண்ணி கொண்டா."

மூன்றாவது சொம்பு. நான்காவது. சேவல் காலை மாற்றி நின்றது, அவ்வளவுதான். பெத்தம்மாளின் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. கோயிலில்கூட இத்தனை தடவை கேட்டு யாரும் பார்த்ததில்லை. வெள்ளத்தாய் அப்போதுதான் அவள் முகத்தைக் கவனித்தாள். உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"மதினி..."

"பேசாம இரு." மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பெத்தம்மாள் சொன்னாள். "என் பிள்ள உடுப்பு மாட்டுற வரைக்கும் இது உயிரோட இருக்கணும்டி. போன வருசம் உன் வீட்டுல அம்புட்டும் செத்ததப் பாத்தேன்லா. எனக்கு ராத்திரி தூக்கம் வருதுன்னா நெனச்ச? நானா எப்பிடி மருந்து போடச் சொல்லுவேன்? அவர்தான சொல்லணும்."

சொல்லிவிட்டு, குடத்தையே தூக்கிச் சேவலின் தலையோடு கவிழ்த்தாள்.

சேவல் கொண்டையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உலுக்கு உலுக்கியது பாருங்கள்! சுற்றி நின்ற அத்தனை பேர் முகத்திலும் தண்ணீர். யாரோ ஒருத்தி குலவை போட்டாள், தெருவே சேர்ந்துகொண்டது. முத்தாத்தாளும்தான்.

"குடுத்துட்டாரு! உத்தரவு குடுத்துட்டாரு!" என்று கத்திய பெத்தம்மாள் சேவலை வாரி எடுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். அதன் தலையைத் தன் கையாலேயே சாய்த்துப் பிடித்து, கண்ணை விரித்துக் காட்டினாள். மற்றவர்களைப் பார்த்து, "என்ன வேடிக்க? ஓடிப்போயி உங்கவுங்க கோழியப் பிடிச்சுக்கிட்டு வாங்க!" என்று விரட்டினாள்.

வெள்ளத்தாய் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. உடம்பு குலுங்க அழுதாள்.

"ஏட்டி, அழுகையப் பொறவு வச்சுக்க" என்றாள் பெத்தம்மாள், தன் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டே. "ஐஸ் கரையுது."