தண்ணீர்க் கம்ப்யூட்டரும் காயாத கறையும்

1. காந்தத்தில் ஒட்டிய தூசி

டிசைன் ரூமில் எஸ்தரின் கம்ப்யூட்டர் பாதி வேலையில் மறுபடியும் அணைந்தபோது, நான் முதலில் சந்தேகப்பட்டது அவருடைய காலைத்தான். மேஜைக்குக் கீழேதான் பிளக் பாயின்ட் இருந்தது. என் அனுபவத்தில் பாதிக் கோளாறு காலால் வருவது.

"கால் பட்டுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"நான் சேர்ல சம்மணம் போட்டு உக்காந்துக்கினு இருக்கேன் சார். கால் எங்க படும்?" என்றார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஐ.டி. வேலை பார்த்தேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் படுத்தாலும் என்னைத்தான். எஸ்தர் அங்கே மோல்டு டிசைனர். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடும், எங்கே முதலில் ஆறும் என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. அந்த அனாலிசிஸ் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் மெஷின் அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேபினட்டைத் திறந்தேன். ஃபேன் முழுக்கக் கறுப்புத் தூசி. கொஞ்ச நாள் முன்புதான் ஊதித் துடைத்திருந்தேன். அந்தக் கறுப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். தூசி எழுந்து நின்று அதில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து காம்பவுண்டில் இரும்பு உருக்கும் ஆலை. ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து நாங்கள் இரும்பைச் சுவாசித்துக்கொண்டிருந்தோம். ஃபேன் அடைத்து, சூடு ஏறி, மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே அணைந்துகொண்டிருந்தது.

பிளான்ட் மேனேஜர் மூர்த்தி சார் வந்து பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"ஹெட் ஆபீஸ்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? இவ்ளோ பேஜாரு எதுக்கு, டிசைன் செக்‌ஷனையே பூனாவுக்கு மாத்திடலாங்கிறாங்க. அடுத்த அனாலிசிஸ் ஒழுங்கா முடியலன்னா மாத்திடுவாங்க."

எஸ்தரின் கணவருக்குப் பக்கத்துத் தேர்வாய் கண்டிகையில் வேலை. பிள்ளைகள் புதுவாயலில் படிக்கிறார்கள். அப்பா அம்மா வயலில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் எஸ்தர்தான். செக்‌ஷன் பூனாவுக்குப் போனால் அவர் வேலையை விட்டு வீட்டில்தான் உட்கார வேண்டும்.

2. அட்டையில் ஓடிய தண்ணீர்

ஃபேனை நம்ப முடியாது என்றானபின் மிச்சம் இருந்தது தண்ணீர்தான். பிராசஸர் மேலும் கிராஃபிக்ஸ் கார்டு மேலும் செம்பு பிளாக்குகளைப் பொருத்த வேண்டும். தண்ணீர் அதற்குள் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும். கார் என்ஜினில் நடப்பதுதான். அப்புறம் கேபினட்டை ஏறக்குறைய மூடிவிடலாம். ரேடியேட்டரை வெளியே மாட்டி, கழற்றிக் கழுவக்கூடிய வலை ஒன்றைப் போட்டுவிட்டால் இரும்புத் தூசி வலையோடு நின்றுவிடும்.

அப்படி ஒரு மெஷினை நான் அதுவரை கட்டியதே இல்லை. வீடியோக்கள் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே கட்டினார்கள். இவ்வளவு விலையுள்ள சாமான் மேல் தண்ணீரை விடுகிறவன் ஏன் சிரிக்கிறான் என்று எனக்குச் சந்தேகம். அவர்கள் சொன்ன அளவுகளை நம்பாமல், ரேடியேட்டர், பம்ப், தண்ணீர் நிற்கும் ரிசர்வாயர் எல்லாவற்றையும் நிஜ அளவில் அட்டையில் வெட்டி கேபினட்டில் ஒட்டிப் பார்த்தேன். டியூபுக்குப் பதிலாக மின்சார ஒயரை வளைத்து ஓட்டினேன். டியூப் எங்கே மடங்கி அடைத்துக்கொள்ளும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

எஸ்தர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார். "தண்ணி ஊத்தறதுக்கு வழி வெச்சிட்டீங்க. வெளிய எடுக்கறதுக்கு எங்க சார் வழி?"

நான் அதை யோசிக்கவில்லை. அட்டையில் மிகத் தாழ்வான இடத்தைப் பார்த்து ஒரு டிரெயின் வால்வு வரைந்தேன். வீடியோவில் சிரித்தவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லவே இல்லை.

சில்லர் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்ட கோவிந்தன் ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள். அச்சுகளைக் குளிரவைக்கும் தண்ணீர் முழுவதும் அவர் பொறுப்பு. இடுப்பில் கை வைத்து நின்று என் அட்டையைப் பார்த்தார்.

"நைனா, என் லைன்ல சில்லுனு தண்ணி போய்க்கினு கீது. அதுல ஒரு கனெக்‌ஷன் குடுத்தா முடிஞ்சிது. நீ இன்னாத்துக்கு டப்பு குடுத்து கேன்ல தண்ணி வாங்குற?"

"உன் பைப்பை வெட்டிப் பாத்திருக்கேன் கோவிந்தா. உள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது. அதோட, ஐஸ் தண்ணி ஊத்துன சொம்புக்கு வெளிய எப்படி வேர்க்குது பாத்திருக்கல்ல? அந்த வேர்வை மதர்போர்டு மேல சொட்டுனா மெஷின் காலி."

"என் தண்ணில விஷமா கலந்துட்டாங்க?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். போகிற வேகத்தையும் மனதில் குறித்துக்கொண்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

3. பிளேடு

ரேடியேட்டர் சென்னையிலிருந்து வந்தது. பெட்டி மேல் செம்பு என்று அச்சடித்திருந்தது. அச்சடிப்பதற்கு என்ன, எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பிளேடால் பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே செம்பின் சிவப்பு இல்லை. வெள்ளையாக மின்னியது. அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் மெல்ல அரித்துப்போகும். எங்கள் பிளாக்குகள் செம்பு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், இவ்ளோ பேர் வாங்கினு போறாங்க. யாரும் சுரண்டிப் பாத்ததில்ல சார்" என்றார்.

"நான் சுரண்டுவேன்" என்றேன். சரியான ரேடியேட்டர் வந்தது. அதையும் சுரண்டினேன்.

இந்த வெற்றிக்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. டியூபுகளை இணைக்கும் ஃபிட்டிங்குகளின் ரப்பர் வளையங்களைத் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கினேன், முதல் செட் மேல் நம்பிக்கை இல்லாததால். நிறம் கலந்த திரவம் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் பாசி பிடிக்காத மருந்தும் போதும் என்று முடிவு செய்தேன். என் ரூமில் வைத்துக் கட்டும்போது யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. எஸ்தர் டார்ச் பிடிக்கிறேன் என்று வந்தார். அதற்கும் வேண்டாம் என்றேன்.

4. காயாத கறை

கட்டி முடித்ததும் கரண்ட் கொடுத்துவிடக் கூடாது. மதர்போர்டுக்குக் கரண்ட் போகாமல், பவர் சப்ளையின் பின்களை ஒரு கிளிப்பால் இணைத்து பம்ப்பை மட்டும் ஒரு முழு நாள் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றினேன். ஒரு சொட்டு கசிந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும். ரிசர்வாயரில் தண்ணீர் மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போட்டேன். ஆயுத பூஜை தோறும் கீபோர்டிலிருந்து குங்குமத்தைச் சுரண்டியே பழகியவன் என்பதால், கேபினட் மேல் ஒரு தாளும் ஒட்டினேன்: "சோதனை நடக்கிறது. சந்தனம், குங்குமம் வைக்காதீர்கள்."

மறுநாள் காலை நாஷ்டா முடித்துக்கொண்டு போனால் எல்லா டிஷ்யூவிலும் கறை.

மூர்த்தி சார் கதவருகே நின்று பார்த்தார். "பூனாவுல கேட்டுக்கினே இருக்காங்க. லீக் உண்டா இல்லியா, ஒரே வார்த்தை. உண்டுன்னா இத்தோட விட்டுடலாம்."

"மத்தியானம் சொல்றேன் சார்."

நேராக சில்லர் பிளான்ட்டுக்குப் போனேன். "கோவிந்தா, நேத்து என் ரூமுக்கு வந்தியா?"

"வந்தேன். சும்மா எட்டிப் பாத்தேன். ஏன்?"

"எல்லா ஜாயின்ட்டும் ஈரம்."

கோவிந்தனுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப நான் தண்ணி தெளிச்சேங்கிற? எனக்கு வேற வேலயே இல்ல பாரு! உன் ஊட்டுல பால் பொங்குனாக்கூட அடுப்பு மேல டவுட் படுற ஆளுய்யா நீ!" என்று பம்ப் சத்தத்துக்கு மேல் கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். அவர் மேல் சந்தேகம் போகவில்லை.

ரூமில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். இரண்டு விஷயம் உதைத்தது. எல்லா ஜாயின்ட்டிலும் கறை ஒரே அளவு. லீக் அப்படி நியாயமாகப் பங்கு பிரித்துக்கொண்டு வராது. அதோடு ரிசர்வாயரில் தண்ணீர் என் கோட்டிலேயே நின்றது. உள்ளிருந்து ஒன்றும் போகவில்லை என்றால் இது வெளியிலிருந்து வந்தது. ஒரு டிஷ்யூவை எடுத்து ஜன்னல் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தேன். தண்ணீராக இருந்தால் காய்ந்திருக்கும். இது காயவில்லை. விரலில் தேய்த்தேன், வழவழத்தது. எண்ணெய். அந்த மெஷினில் எண்ணெய் இருக்கும் இடமே கிடையாது.

திரும்பினால் பின்னால் எஸ்தர். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"நான்தான் சார்" என்றார். "எங்க பாஸ்டர் ஜெபிச்சுக் குடுத்த எண்ணெய். காலைல சீக்கிரம் வந்து, பேப்பரைத் தூக்கி ஒவ்வொரு ஜாயின்ட்லயும் ஒரு சொட்டு தொட்டு வெச்சேன். நீங்க சந்தனம், குங்குமம்னுதான எழுதி இருந்தீங்க?"

எழுதியது அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது உண்மை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு செஞ்சிக்கினு இருந்தீங்க. போறது என் வேல சார். நான் மட்டும் கையக் கட்டிக்கினு பாத்துக்கினு இருக்கணுமா?"

டார்ச் பிடிக்கக்கூட விடாதவன் நான்.

ஆனால் எண்ணெயை அப்படியே விட முடியாது. ஃபிட்டிங் வளையங்களின் ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். மூர்த்தி சாரிடம் போய் லீக் இல்லை, ஆனால் இன்னும் ஒரு நாள் வேண்டும் என்றேன். முறைத்துவிட்டுச் சம்மதித்தார். எஸ்தரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். வால்வைத் திறந்து தண்ணீரை வடித்தது அவர். அந்த வால்வே அவர் கேட்டதால் வந்ததுதான். ஒவ்வொரு ஃபிட்டிங்காகக் கழற்றித் துடைத்து நான் நீட்ட, உபரி வளையத்தை அவர் போட்டார். மறுபடியும் ஒரு முழு நாள் பம்ப் ஓடியது. டிஷ்யூ மொடமொடவென்று காய்ந்து கிடந்தது.

ஸ்விட்ச் போடும் முன் கேட்டேன். "அந்த எண்ணெய் மிச்சம் கீதாம்மா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு சார் கேக்குறீங்க?" இப்போது சந்தேகம் அவருக்கு.

கேபினட்டின் வெளிக்கதவைக் காட்டினேன். "இங்க வைம்மா. இது வெறும் தகரம். ஒண்ணும் ஆகாது."

விரலால் தொட்டுச் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, கோவிந்தன் கையில் சந்தனத்தோடு நின்றிருந்தார். "எனக்கும் ஒரு எடம் காட்டு நைனா. அப்பால வந்து டவுட் படாத." அவருக்கும் அதே கதவில் கீழே ஓர் இடம் காட்டினேன்.

அனாலிசிஸ் இடையில் நிற்காமல் ஓடி முடிந்தது. பூனாப் பேச்சு அதோடு அடங்கிவிட்டது. நான் போன வருடம் ஓய்வு பெற்றபோதும் எஸ்தர் அதே நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் முறையாகத் தண்ணீர்க் கம்ப்யூட்டர் கட்டப்போகிற தம்பி, தங்கைகளுக்கு: அட்டையில் வெட்டிப் பாருங்கள். பெட்டியில் அச்சடித்ததை நம்பாமல் சுரண்டிப் பாருங்கள். வளையம் இரண்டு மடங்கு வாங்குங்கள். சந்தேகப்பட்டதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இன்னொன்று, பிளான் போடும் அன்றே கேட்டு வையுங்கள்: இந்த மெஷின் கெட்டுப்போனால் யார் வேலை போகும்? அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள், டார்ச் பிடிப்பதாக இருந்தாலும். நீங்கள் கொடுக்காவிட்டால் அவரே ஒன்றைத் தேடிக்கொள்வார்.