மேல்வாசல் பூட்டு

ஓபர்ஹால்டன் கிராமத்தில் திராட்சை நிறம் மாறத் தொடங்கியதும் மலைச்சரிவு முழுவதையும் மூடிவிடுவார்கள். பாதைகளின் குறுக்கே முள்கட்டு விழும். அதன்பிறகு ஊர் மணி அடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. அடுத்தவர் தோட்டத்துக்குள் மட்டுமல்ல, சொந்தத் தோட்டத்துக்குள்ளும் கால் வைக்கக்கூடாது. வேலி இல்லாமல் ஒருவர் கொடியும் இன்னொருவர் கொடியும் ஒட்டி நிற்கிற சரிவு அது. திருட்டுக்குப் பயந்து எப்போதோ போட்ட கட்டுப்பாடு. ஒரு காலத்தில் அது நியாயமாக இருந்திருக்கலாம். 1968-ஆம் வருஷத்து மழையில் அது வத்சலாவின் கழுத்தை நெரித்தது.

வத்சலா கும்பகோணத்துக்காரி. வேதியியல் படிக்க ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்கு வந்தவள். பரிசோதனைக்கூடத்தில் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த எக்கார்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு, அவனுடைய ஊரான ஓபர்ஹால்டனுக்கு வந்து சேர்ந்தாள். எக்கார்ட்டுக்கு அப்பா விட்டுப்போனது ஒரு பழைய பண்ணை. ஒரு காலத்தில் கன்னியாஸ்திரீ மடத்துக்குச் சொந்தமாக இருந்த இடம். வளைவுக் கூரை போட்ட நிலவறை, பழம் பிழிகிற, ஓட்டை விழுந்த ஆலைக்கொட்டகை, சுற்றிலும் மணற்கல் சுவர் எழுப்பிய திராட்சைத் தோட்டம். நிலவறையில் உருளைக்கிழங்கு முளைவிட்டுக் கிடந்தது. தோட்டத்துப் பழம் இருபது வருஷமாக ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் தொட்டியில் மற்றவர்கள் பழத்தோடு சேர்ந்து பேரில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பண்ணையை மறுபடியும் சொந்த ஒயின் பண்ணுகிற பண்ணையாக ஆக்க வேண்டும் என்று முதலில் சொன்னது வத்சலாதான். எக்கார்ட் தயங்கினான். அவள் நிலவறையைக் கழுவினாள், பீப்பாய்களுக்குள் நீராவி விட்டுச் சுத்தம் செய்தாள், சீக்கிரம் பழுக்கிற ரகமாகப் பார்த்துக் கொடி நட வைத்தாள். மதராஸில் மதுவிலக்கு இருந்த காலம். "கள்ளுக்கடை வைக்கத்தான் கப்பலேறினாயா?" என்று அப்பா சிதம்பரம் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டார். அதற்குப் பிறகு எழுதவேயில்லை. அந்தக் கோபத்தையும் அவள் வேலையில்தான் காட்டினாள்.

புதுக் கொடிகள் நன்றாகக் காய்த்த முதல் வருஷம் அது. சங்கத்திலிருந்து விலகியாயிற்று. இந்தப் பழம் ஒயினாக ஆகாவிட்டால் தோட்டத்தை ஷ்டீக்லருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இருவரும் நகரத்தில் வேலை தேட வேண்டியதுதான். ஷ்டீக்லர் அதற்காகவே காத்திருந்தார்.

ஷ்டீக்லர் அறுவடைக் குழுவின் தலைவர். மணி எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்பவர் அவர். அவருடைய தோட்டம் மடத்துச் சுவருக்கு மேலே இருந்தது. போர் முடிந்து சிறுவன் எக்கார்ட்டைத் தவிர வீட்டில் ஆண்பிள்ளைகள் யாரும் இல்லாத வருஷம், சுவரின் மேல்வாசலை அவர் இடித்துப் போட்டார். டிராக்டர் சாலைக்கு இறங்கக் குறுக்குவழி வேண்டுமாம். வாசல் தூண்களும் பக்கத்துச் சுவரும் போயின. சுவரின் தலையில் வைத்திருந்த பெரிய பலகைக் கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தன் முற்றத்தில் பதித்தார். ஊருக்கே அது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் முழுக்க மழை. பழங்களில் சாம்பல் பூஞ்சை தொட ஆரம்பித்தது. சீக்கிரம் பழுக்கிற ரகங்களுக்கு முன்னதாக ஒரு மணி அடிப்பது உண்டு. அதைக் கேட்கத்தான் வத்சலாவும் எக்கார்ட்டும் ஷ்டீக்லரின் வீட்டுக்குப் போனார்கள். அவள் அந்தப் பலகைக் கற்களின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"முன்மணி இந்த வருஷம் இல்லை, எக்கார்ட். சங்கத்து ஆலை இன்னும் தயாராகலை. எல்லாருக்கும் ஒரே மணிதான்."

"எங்க பழம் சங்கத்துக்கு வரப்போறதில்லையே," என்றாள் வத்சலா.

ஷ்டீக்லர் அவள் பக்கம் திரும்பவில்லை. "எக்கார்ட், உன் இந்தியாக்காரிகிட்ட சொல்லு. இது அவங்க ஊர்க் காடு இல்லை, நினைச்சபோது பறிச்சுத் தின்ன. சரிவு மூடியிருக்கு."

"அவளுக்கு ஜெர்மன் தெரியும்," என்றான் எக்கார்ட், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரிஞ்சா இன்னும் நல்லது. மூடியிருக்குன்னா என்னன்னு புரிஞ்சிருக்கும்."

வீடு திரும்புகிற வழியெல்லாம் வத்சலா எக்கார்ட்டை விட்டு முன்னால் நடந்தாள். ஷ்டீக்லர் மேல் இருந்த கோபத்தைவிட, தரையைப் பார்த்துப் பேசியவன் மேல் இருந்த கோபம் பெரிது.

மறுநாள் காலை அவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, உடைந்த மேல்வாசல் வழியாகத் தன் தோட்டத்துக்குள் நுழைந்தாள். கொடி கொடியாகப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையிலும் பூஞ்சை. பழத்தை நசுக்கிச் சாற்றின் இனிப்பை அளந்தாள். பறிக்கலாம், இப்போதே பறிக்கலாம். மணிக்குக் காத்திருந்தால் கொடியில் மிச்சம் இருப்பது குப்பைதான். அப்போது தலைக்கு மேலே துப்பாக்கி வெடித்தது. பழம் தின்ன வரும் பறவைகளை விரட்டக் காவல்காரர் ஓட்டோ சுடுகிற வெற்றுத் தோட்டா அது. ஆனால் இந்தமுறை அவர் பறவையைப் பார்த்துச் சுடவில்லை.

"வெளியே வாங்கம்மா. அபராதம் எழுதணும்."

"இது என் தோட்டம், ஓட்டோ."

"உங்களோடதுதான். நான் இல்லேன்னா சொன்னேன்? என் சொந்தத் தோட்டத்துக்குள்ள போனாக்கூட நான் என்னையே பிடிச்சு அபராதம் போட்டுக்கணும்." அவர் புகையிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "மடத்துக் கன்னியாஸ்திரீங்க இருந்தப்ப மணியாவது ஒண்ணாவது. சுவரும் பூட்டின வாசலும் இருக்கிற தோட்டத்துக்கு மணி கிடையாது. அவங்க இஷ்டம். உங்களுக்கு என்ன இருக்கு? ஓட்டைதான் இருக்கு. அதுலயும் பாதி ஷ்டீக்லர் டிராக்டருக்கு."

அவர் அதைக் கேலியாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வத்சலா அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்தாள்.

"அந்த விதி இன்னும் இருக்கா?"

"எடுக்கலையே. எடுக்க என்ன அவசியம்? இந்தச் சரிவுல சுவர் உள்ளது உங்களுக்கு மட்டும்தான், அதுவும் ஓட்டைச் சுவர்."

அவள் நேராக நிலவறைக்குப் போனாள். மேல்வாசலின் இரும்புக் கதவுகள் இரண்டும் அங்கே சுவரோரம் துருப்பிடித்துச் சாய்ந்து நின்றன. எக்கார்ட்டின் அம்மா அவற்றை விற்காமல் வைத்திருந்தாள்.

"சுவரைக் கட்டப்போறேன்," என்றாள் எக்கார்ட்டிடம்.

"ஷ்டீக்லர் வழியை அடைச்சா ஊர்ல யாரும் நமக்குப் பழம் பறிக்க வரமாட்டாங்க, வத்சலா. ரொட்டிக்கடைக்காரன்கூட முகம் கொடுக்கமாட்டான்."

"அது அவர் வழி இல்லை. நம்ம சுவர். உன் அப்பா இல்லாத நேரம் பார்த்து இடிச்ச சுவர். இருபது வருஷமா அந்த ஓட்டை வழியா அவர் வண்டி போறதைப் பார்த்துக்கிட்டு நீ எப்படிச் சாப்பிட்டே?"

அவள் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஆலைக்கொட்டகையின் இடிந்த பக்கத்துக்குப் போய்க் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்ற ஆரம்பித்தாள். சேற்றில் வண்டி நகரவில்லை. இரண்டாவது நடையில் எக்கார்ட் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அவள் அவனிடம் நன்றி சொல்லவில்லை.

சனிக்கிழமை வத்சலாவின் நண்பர்கள் வாசுதேவனும் கிரிஜாவும் ரயிலில் வந்தார்கள். வாசுதேவன் கார்ல்ஸ்ரூஹேயில் கட்டடப் பொறியியல் படிப்பவன். கிரிஜா ஹனோவரில் படிப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். வத்சலாதான் போன் செய்து அழைத்திருந்தாள்.

"ஒயின் டேஸ்ட் பண்ணக் கூப்பிடறேன்னு நினைச்சு டை கட்டிண்டு வந்திருக்கேன்," என்றான் வாசுதேவன், கற்குவியலைப் பார்த்து.

"டையைக் கழட்டி இடுப்புல கட்டிக்கோ, முதுகு பிடிக்காது," என்றாள் கிரிஜா.

வாசுதேவன் தூண் நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றி வந்தான். "வத்சலா, இந்த மழையில சிமெண்ட் செட் ஆகாது. அவசரமா இந்தக் கதவை மாட்டினா தூண் சாஞ்சிடும்."

"சாஞ்சா நீ போய் முட்டுக்கொடுத்து நில்லு."

"நான் சீரியஸா சொல்றேன்."

"நானும்தான்."

கடைசியில் வாசுதேவன் ஒரு வழி சொன்னான். பழைய பீப்பாய்த் தாங்கிக் கட்டைகளை எடுத்துத் தூண்களுக்கு உள்பக்கம் முட்டுக்கொடுத்தார்கள், மேலே தார்ப்பாய் கட்டினார்கள். நான்கு பேரும் நனைந்தபடி கல் அடுக்கினார்கள். கிரிஜாவின் விரல் நசுங்கியது. அவள் தமிழில் திட்டிய திட்டுக்கு எக்கார்ட் அர்த்தம் கேட்க, யாரும் சொல்லவில்லை. வத்சலா மட்டும் சிரிக்காமல் வேலை பார்த்தாள். சுவரின் தலை மொட்டையாக நின்றது. அங்கே வைக்க வேண்டிய பலகைக் கற்கள் எங்கே இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும்.

முட்டுக்கட்டையோடு கதவுகள் ஏறின. பெரிய பூட்டு ஒன்றை வாங்கி வந்து போட்டாள். சாலைப் பக்கம் இருந்த கீழ்வாசலுக்கும் பூட்டு. பிறகு ஓட்டோவை அவளே போய் அழைத்து வந்தாள்.

ஓட்டோவோடு ஷ்டீக்லரும் வந்தார். கதவைப் பிடித்து உலுக்கினார். தூண் அசையவில்லை. வாசுதேவன் அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான்.

"இது சுவரா? நேத்து வரைக்கும் ஓட்டை," என்றார் ஷ்டீக்லர்.

ஓட்டோ சுவரை ஒட்டியே நடந்து ஒரு சுற்று வந்தார். "சுவர் இருக்கு. வாசல் இருக்கு. பூட்டும் இருக்கு," என்றார், யாரையும் பார்க்காமல். "அன்னிக்கு இல்லை, அபராதம் போட்டேன். இன்னிக்கு எதுக்குப் போடறது?"

அன்றே பறிக்கத் தொடங்கினார்கள். எக்கார்ட் சொன்னபடியே ஊரிலிருந்து ஒருவரும் உதவிக்கு வரவில்லை. வாசுதேவன் தன் விடுதியிலிருந்து இன்னும் சில மாணவர்களை வரவழைத்தான். திராட்சைக் கத்தரியை முதல்முறை பிடிக்கிறவர்கள். பழத்தைவிட விரலைத்தான் அதிகம் வெட்டிக்கொண்டார்கள். வத்சலா ஒவ்வொரு கூடையையும் கொட்டிப் பூஞ்சை தொட்டதைக் கையால் பொறுக்கி எறிந்தாள். பாதிக்கு மேல் தேறியது. சாறு ஆலையிலிருந்து இறங்கியபோது அதை நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போய்ப் பொறுக்க உட்கார்ந்தாள்.

ஊர் மணி அடிக்க இன்னும் பல நாள் ஆயிற்று. மழை ஒரு நாளும் விடவில்லை. மணி அடித்ததும் ஊரே சரிவில் ஏறியது. மதியத்துக்குள் மேலே ஷ்டீக்லரின் வண்டி நிறைந்தது. மேலே இருந்து கீழே வர மற்றொரு வழி ஓடையோரப் பாதைதான், அது முழங்கால் ஆழச் சேறு. அழுகத் தொடங்கிய பழத்தைச் சீக்கிரம் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் டிராக்டரை மேல்வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். வத்சலாவும் எக்கார்ட்டும் ஏறி வந்தார்கள்.

"எக்கார்ட், கதவைத் திற."

எக்கார்ட் வத்சலாவைப் பார்த்தான். இந்தமுறை அவன் தரையைப் பார்க்கவில்லை. "சாவி அவகிட்ட இருக்கு. அவகிட்டயே கேளுங்க."

ஷ்டீக்லர் அவள் பக்கம் திரும்பாமல் பூட்டையே பார்த்தார். டிராக்டரின் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் வத்சலாவே கம்பிகளுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னாள்:

"மூடியிருக்கு."

"பழம் வீணாப் போகுது, பொம்பளே."

"அன்னிக்கு என் பழமும் வீணாப் போச்சு. உங்க முற்றத்துல நின்னுதான் சொன்னேன். என் கல்லு மேல நின்னு சொன்னேன். சுவருக்குத் தலைக்கல் இல்லை, பாருங்க. அது வந்து சேரட்டும், வாசல் திறக்கும்."

அவர் டிராக்டரைத் திருப்பினார். ஓடையோரத்தில் வண்டி புதைந்து, பக்கத்து வீட்டாரின் குதிரைகளைக் கட்டி இழுத்தார்கள் என்றும், கொஞ்சம் பழம் சேற்றோடு போயிற்று என்றும் பிறகு கேள்விப்பட்டாள். எக்கார்ட் அன்று சாப்பிடும்போது, "திறந்திருக்கலாம்," என்றான் மெதுவாக. "திறந்திருக்கலாம்," என்று அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனாலும் சாவியை மேஜை மேல் வைக்கவில்லை.

வசந்தத்தில் முதல் ஒயினைப் பாட்டிலில் அடைத்தார்கள். கொஞ்சம் புளிப்புத்தான், ஆனால் சுத்தமான ஒயின். அந்த வாரம் ஒரு காலை மேல்வாசலுக்கு வெளியே பலகைக் கற்கள் குவிந்து கிடந்தன. வண்டியிலிருந்து அப்படியே சரித்துக் கொட்டியிருந்தார்கள். இரண்டு கற்கள் உடைந்திருந்தன. யாரும் கதவைத் தட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. வத்சலா உடைந்த துண்டுகளையும் சேர்த்துச் சுவரின் தலையில் பதித்தாள், விரிசல் தெரியும்படியே.

அதற்குப் பிறகு எழுபதுகளில் ஒவ்வோர் அறுவடையிலும் ஷ்டீக்லரின் டிராக்டர் வரும்போது மேல்வாசல் திறந்தது. வத்சலாவே போய்த் திறப்பாள். வண்டி கடந்து போகும்வரை சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் தொப்பியைத் தொட்டதில்லை, அவள் வணக்கம் சொன்னதில்லை. கடைசிச் சக்கரம் தாண்டியதும் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவாள்.